ஆவணிப் பாறையும் ஆழ்சுரங்கமும்

கல்லை நாம் உயிரற்றது என்கிறோம். இரக்கமில்லாதவனைக் கல்நெஞ்சன் என்கிறோம். மாறாத சொல்லைக் கல்மேல் எழுத்து என்கிறோம். அசையாமைக்கும் மாறாமைக்கும் கல்லையே உவமை காட்டிப் பழகிவிட்டோம். ஆயினும் கல் அசைவதுண்டு, ஒலிப்பதுண்டு, சில வேளைகளில் முன்னறிவிப்புத் தருவதும் உண்டு. நிலநூல் வகுப்பில் இதை நான் படித்தேன், தேர்விலும் எழுதினேன், மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் இதை நான் உண்மையில் அறிந்துகொண்டது வகுப்பறையில் அன்று. எனக்கு இதைக் கற்பித்தவர், கோலார் தங்கவயலில் இருபத்தொன்பது ஆண்டுகள் நிலத்தடியில் உழைத்து ஓய்ந்த என் தாத்தா. கற்பித்த இடம் ஆவணிக் குன்றின் பாறைச் சரிவு.

அன்று கண்டதையும் கேட்டதையும், அவற்றின் பின்னே நிற்கும் நிலநூல் உண்மையையும் சங்கத் தோழர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குன்று இருக்கும் இடம்

ஆவணி என்றதும் மாதப் பெயரை நினைக்க வேண்டாம். இது ஓர் ஊரின் பெயர். கருநாடகத்துக் கோலார் மாவட்டத்தில், தங்கவயலுக்கு வடக்கே, முளபாகல் வட்டத்தில் உள்ளது. குன்றின் அடியில் இராமலிங்கேசுவரர் கோயிலும் அதைச் சூழ இலக்குவன், பரதன், சத்துருக்கனன் பெயர்களால் வழங்கும் சிவன் கோயில்களும் நிற்கின்றன. இவற்றுள் பழமையானவை நுளம்ப மன்னர்கள் காலத்தவை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முதுமை உடையவை. வால்மீகி முனிவர் தங்கியது இக்குன்றில்தான் என்றும், இலவனும் குசனும் பிறந்தது இங்கேதான் என்றும் ஊர் மக்கள் சொல்லுவர். உச்சியில் சீதைக்கு ஒரு கோயில் உண்டு.

கோலார் தமிழருக்குப் புறம்பான ஊரன்று. குவளாலபுரம் என்பது அதன் பழம்பெயர். பவணந்தி முனிவரை நன்னூல் இயற்றச் செய்த சீயகங்கன், குவளாலபுரத்தைத் தன் விருதுப் பெயரில் தாங்கியவன். கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். பிற்காலத்தில் தங்கச் சுரங்கங்கள் தோன்றியபோது வடஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தமிழர் அங்கே சென்றனர். என் முன்னோர் அவ்வாறு சென்றவர்களே. நான் பிறந்தபோது சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. எனக்குத் தெரிந்த தங்கவயல், துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களும், ஊர் நடுவே வெளுத்த மலைபோல் கிடக்கும் சைனைடு மேடுகளும், வேலைக்காகப் பொழுது விடியுமுன் பெங்களூருக்கு இரயில் ஏறும் மக்களுமே.

சென்ற கோடை விடுமுறையில் என் வகுப்புத் தோழர் இருவர் எங்கள் வீட்டுக்கு வந்தனர். ஒருவர் பாறை ஏறுவதில் பழக்கம் உள்ளவர்; இராமநகரத்துப் பாறைகளில் கயிறு கட்டி ஏறியவர். ஆவணிக்குச் செல்வோம் என்று நான் சொன்னதும், திண்ணையில் இருந்த தாத்தா, "நானும் வரேன்" என்றார். எழுபதைத் தாண்டியவர். மூச்சு இழுக்கும். இடது காது துளையிடும் எந்திரத்தின் இரைச்சலுக்கு என்றோ பலியாகிவிட்டது. "மலை ஏற முடியுமா தாத்தா?" என்று கேட்டேன். "எறங்கி எறங்கியே காலம் போச்சு. ஒருநாளாவது ஏறிப் பாக்கறேன்" என்றார்.

பாறையின் தோற்றம்

குன்றை முதலில் காண்போர் அதன் வழவழப்பைக் கண்டு வியப்பர். கூரிய முனைகள் இல்லை. முழுக் குன்றும் கவிழ்த்த சட்டிபோல் வளைந்து நிற்கிறது. மழைநீர் வழிந்த தடங்கள் மேலிருந்து கீழாகக் கறுத்த கோடுகளாக ஓடுகின்றன. உற்று நோக்கினால் அச்சரிவின்மேல் கல்லே அடுக்கடுக்காக, வெங்காயத் தோல் உரிவதுபோல், ஏடு ஏடாகப் பிரிந்திருப்பது தெரியும். ஓர் ஏடு ஒரு சாண் தடிமன் இருக்கும். மற்றொன்று ஆளுயரம் இருக்கும். அடியில் கிடக்கும் பெரும் பெரும் உருண்டைகளும் பலகைகளும் அவ்வாறு உரிந்து விழுந்தவை.

கோலார் வட்டாரத்துக் குன்றுகளை எரிமலைப் பாறை என்று வழிகாட்டுவோர் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. இக்குன்றுகள் கருங்கல்லும், அதனோடு உறவுடைய வரிப்பாறையும் ஆனவை. எரிமலைக் குழம்பு நிலத்துக்கு வெளியே வந்து விரைவில் ஆறும். கருங்கல்லோ நிலத்தின் அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், மெல்ல மெல்ல ஆறி இறுகுவது. மெல்ல ஆறியதால்தான் அதன் மணிகளை வெறுங்கண்ணால் காண முடிகிறது.

உண்மையான எரிமலைப் பாறையும் இவ்வட்டாரத்தில் உண்டு. அது தங்கவயலின் அடியிலேயே இருக்கிறது. தெற்கு வடக்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டு, சில கிலோமீட்டர் அகலமே உடைய ஒரு கரும்பாறைப் பட்டை அங்கே ஓடுகிறது. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரடியில் பொங்கிய குழம்பு பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதே அது. நீருள் பொங்கிய குழம்பு தலையணை அடுக்கினாற்போல் உறையும். அவ்வடிவங்களைத் தங்கவயல் பக்கத்துப் பெத்தப்பள்ளியில் காணலாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. தங்கம் இருந்தது இந்தக் கரும்பாறையை ஊடறுத்துச் செல்லும் வெண்கல் நரம்புகளில். ஆகவே குன்றில் நாங்கள் மிதித்த கல் வேறு. தாத்தா குடைந்த கல் வேறு. ஆனால் இரண்டின் இயல்பும் ஒன்றே என்பதை அன்று மாலைக்குள் உணர்ந்தேன்.

தட்டிக் கேட்டல்

பாதி வழி ஏறியதும் வெயில் கடுமையாயிற்று. பாறையில் கை வைக்க முடியவில்லை. சற்று மேலே ஓர் ஏடு பாதி உரிந்து, முன் விளிம்பு தூக்கி, கூரைபோல் நின்றது. அதன் கீழ் நல்ல நிழல். கட்டிச் சென்ற புளிச்சோற்றை அங்கே அவிழ்க்கலாம் என்று தோழர் முன்னே சென்றார்.

"தம்பி, நில்லு" என்றார் தாத்தா.

அவர் மெல்ல ஏறி வந்து, மூச்சு அடங்கும்வரை நின்றார். பின் கையிலிருந்த பூண் போட்ட தடியால் பக்கத்துப் பாறையைத் தட்டினார். 'டங்' என்று கணீரென ஒலித்தது. அடுத்து அந்தக் கூரைக் கல்லைத் தட்டினார். 'தொப்' என்று உள்ளீடற்ற ஒலி. தடியை என்னிடம் கொடுத்து, "நீ தட்டு" என்று சொல்லித் தம் உள்ளங்கையைக் கல்லின்மேல் பதித்துக்கொண்டார். நான் தட்டத் தட்டக் கையை இடம் மாற்றி மாற்றி வைத்தார். காது கேளாத குறையைக் கை நிறைவு செய்ததை அன்றுதான் பார்த்தேன்.

"இங்கேர்ந்து அதோ அந்த வெள்ளைக் கோடு வரைக்கும் ஒட்டு விட்டுப் போச்சு. கல்லு கைக்குள்ள நடுங்குது. இதுக்குக் கீழே உக்காரக் கூடாது" என்றார்.

தோழர் சிரித்தார். "எத்தனையோ நூறு வருஷமா நிக்கிற கல்லு தாத்தா. நாம சோறு தின்கிற அரைமணியிலேயா விழப் போகுது?"

தாத்தா சிரிக்கவில்லை. "அதே பேச்சைத்தான் அவனும் சொன்னான்" என்றார்.

நாற்பது அடி தள்ளி, வெயிலிலேயே ஒரு துண்டை விரித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டே தாத்தா சொன்னார். என் தந்தையாரிடமும் அவர் அதுவரை சொல்லாத செய்தி அது.

வெடி வைத்துப் பாறை தகர்ந்தபின், புகை அடங்கியதும் உள்ளே செல்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, நீண்ட கடப்பாறையால் மேற்கூரையைத் தட்டிப் பார்த்தல். கணீரென்றால் உறுதி. தொப்பென்றால் நெம்பித் தள்ளிவிட வேண்டும். தள்ள முடியாவிட்டால் முட்டுக் கொடுக்க வேண்டும். அதுவரை எவரும் அதன்கீழ்ச் செல்லலாகாது. ஒருநாள் ஷிப்டு முடியும் நேரம். தாத்தா தட்டினார், ஒலி சரியில்லை. உடன் வேலை செய்தவர், அவரினும் இரண்டு வயது இளையவர், மணமாகி ஓராண்டு ஆனவர், "காலையிலேர்ந்து நிக்கிற கல்லு, கால்மணியிலேயா விழும்?" என்று சொல்லி, மறந்து வைத்த விளக்கை எடுக்க உள்ளே சென்றார்.

"அப்புறம்?" என்றார் தோழர்.

"வெளக்கு மட்டும் அணையவே இல்லே" என்றார் தாத்தா.

சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு அவரே தொடர்ந்தார். "அது தட்டினா தெரியற சாவு. தட்டினாலும் தெரியாதது ஒண்ணு இருக்கு. ராக் பர்ஸ்ட். நல்லா கணீர்னு பேசிக்கிட்டு இருக்கிற கல்லே வெடிக்கும். மேலே லைன்ல வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடும். பொம்பளைங்க அடுப்பை விட்டுட்டு சாப்ட்டுக்கு ஓடியாருவாங்க. யாரு வீட்டு ஆளுன்னு தெரியறவரைக்கும் ஊரே அங்க நிக்கும்."

கல்லுள் அடங்கிய விசை

உறுதியான கல் வெடிப்பானேன்? குன்றின் கல் உரிவானேன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்று கண்டேன்.

பாறையில் ஒரு கன சென்டிமீட்டர் ஏறத்தாழ 2.7 கிராம் எடை. இதை வைத்து நாமே கணக்கிடலாம். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், கட்டைவிரல் நகமளவு இடத்தின்மேல், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில், 270 கிலோகிராம் சுமை நிற்கும். தங்கவயல் சுரங்கங்களுள் மிக ஆழமானது 3.2 கிலோமீட்டர் வரை இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. அவ்வாழத்தில் நகமளவு இடத்தில் 860 கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமை. பாறையின் வெப்பமோ 60 பாகை செல்சியசுக்கு மேல். அத்தனைத் தடித்த பாறைக் கூரை வேறெங்கும் எளிதில் கிட்டாது என்பதால்தான், விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்களை வடிகட்டிவிட்டு நியூட்ரினோவை மட்டும் தேடும் ஆய்வு அங்கே நடந்தது. 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடம் அங்கே முதன்முதலாகக் காணப்பட்டது.

இனி, அந்தச் சுமையைத் தாங்கி நிற்கும் பாறையில் ஒரு பொந்து குடைகிறோம் என்று கொள்வோம். பொந்து இருந்த இடத்துக் கல் தாங்கிய சுமை எங்கே போகும்? பொந்தின் ஓரக் கற்களின்மேல் ஏறும். ஓரத்தில் சுமை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். அதே நேரத்தில், அக்கல்லை உட்புறமிருந்து அணைத்துப் பிடித்திருந்த அண்டைக்கல் இல்லாமல் போய்விட்டது. பனையோலை நறுக்கு ஒன்றை எடுத்து இரு முனைகளையும் விரல்களால் அழுத்திப் பாருங்கள். நடுப்பகுதி வெளியே புடைக்கும். மேலும் அழுத்தினால் முறியும். சுவரை ஒட்டி ஓலையை வைத்து, மறுபக்கம் உள்ளங்கையால் அணைத்துக்கொண்டு அழுத்தினால் அது புடைக்காது. கல்லும் அவ்வாறே. அணைப்பு இருக்கும்வரை தாங்கும். அணைப்பு நீங்கிய பக்கம் நோக்கிப் புடைக்கும், ஏடாகப் பிரியும், ஒரு நொடியில் முறிந்து தெறிக்கும். கல் உறுதியானதாக இருந்தால் அதிக விசையைத் தேக்கி வைக்கும். ஆகவே அதிக வேகத்தோடு வெடிக்கும். தாத்தா சொன்ன 'கணீர்னு பேசற கல்லு வெடிக்கும்' என்பதன் பொருள் இதுவே.

இப்போது ஆவணிக் குன்றுக்கு வருவோம். அக்கருங்கல் பிறந்தபோது அதன்மேலும் பல கிலோமீட்டர் பாறை கிடந்தது. மழையும் வெயிலும் ஆறும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அதை அரித்து எடுத்துச் சென்றன. மேற்சுமை குறையக் குறையக் கல் மேல்நோக்கி விரிந்தது. நிலத்தின் பக்கவாட்டு அழுத்தமோ நீங்கவில்லை. அது வளைந்த மேற்பரப்பை இருபுறமும் நெருக்கியது. ஓலை நறுக்குப் புடைத்ததுபோல் மேற்பரப்பு புடைத்து, ஏடு ஏடாகப் பிரிந்தது. அமெரிக்காவில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் பெரும் பாறைக் குவிமாடங்கள் உரிவதும் இவ்வாறே. 2014 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ட்வெயின் ஹார்ட் என்னும் ஊரில், கோடை வெயிலில் கிடந்த ஒரு கருங்கற் குவிமாடம் மக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடியோசையோடு பிளந்தது. அதைப் படமும் பிடித்தார்கள்.

வெயில் அதைத் தூண்டும் என்பதை நம் கல்லுடைக்கும் தொழிலாளர் நெடுங்காலமாக அறிவர். வெடிமருந்து இல்லாமலே, பாறையின்மேல் விறகு மூட்டி, சூட்டால் கல் ஏடு கிளம்பும்படி செய்வர். அடிக்கடி சுத்தியலால் தட்டுவர்; ஒலி மாறிய இடம்வரை கல் கிளம்பிவிட்டது என்று கண்டு, நெருப்பை அதற்கப்பால் நகர்த்துவர். தட்டிக் கேட்கும் இக்கலை சுரங்கத்துக்கு முந்தியது என்பதை இதனால் அறியலாம்.

குன்றுக்கும் சுரங்கத்துக்கும் வேறுபாடு காலமே. மேலே இயற்கை, கோடி ஆண்டுகளில் சுமையை மெல்ல இறக்கியது. கல் சிறுகச் சிறுக விரிந்துகொள்ள நேரம் இருந்தது. கீழே மனிதன், ஒரு ஷிப்டில் வெடி வைத்து அணைப்பை நீக்கினான். கல் அந்த விரைவைப் பொறுக்கவில்லை.

முட்டுக் கொடுத்த கருங்கல்

தங்கவயலின் வரலாறு இந்த விசையோடு நடந்த போராட்டம் என்றே சொல்லலாம். ஜான் டெய்லர் கும்பினியார் 1880-இல் அங்கே தொழில் தொடங்கினர். சுரங்கங்கள் ஆழப்பட ஆழப்பட வெடிப்புகள் பெருகின. குடைந்த இடத்தைத் தாங்க முதலில் மரத்தை நட்டார்கள், மரம் நசுங்கியது. பிறகு கருங்கல்லைச் செதுக்கிக் கீழே இறக்கிச் சுவராக அடுக்கினர். பிற்காலத்தில் கான்கிரீட்டும் சேர்ந்தது. பாறையின் அசைவைக் கேட்கக் கருவிகள் பொருத்தினர். இவ்வனுபவத்தின் பயனாகவே 1988-இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலில் தோன்றியது. அணைகளுக்கும் மலைக்குடைவுகளுக்கும் வேண்டிய பாறை அறிவை அந்நிறுவனம் நாட்டுக்கு அளித்து வருகிறது. சுரங்கங்களோ, 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்தபின், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

"மேலே ஒடச்ச கருங்கல்லைத்தான் கீழே அடுக்கினோம்" என்று தாத்தா சொன்னபோது எனக்கு மெய் சிலிர்த்தது. நிலத்தடியில் பிறந்து, கோடி ஆண்டுகள் கழித்து வெளிச்சத்துக்கு வந்த கல், மனிதரின் உயிரைக் காக்க மீண்டும் இருளுக்குள் இறங்கியது.

ஏறுவோர் அறிய வேண்டியவை

விடுமுறைகளில் பாறைக் குன்றுகளை நாடும் தோழர்களுக்குத் தாத்தா காட்டிய அடையாளங்களைத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, நிறம். நெடுநாள் வெயிலும் மழையும் கண்ட பாறை கறுத்து, பாசிப் படலம் பூத்திருக்கும். வெளுத்துப் புதிதாகத் தெரியும் வடு, அண்மையில் ஓர் ஏடு விழுந்த இடம். அதன் அண்டையிலுள்ள ஏடும் விழக் காத்திருக்கலாம்.

இரண்டாவது, விளிம்பு. ஏட்டின் அடியில் விரல் நுழையும் இடைவெளி உண்டா என்று பாருங்கள். இடைவெளியில் மண்ணும் வேரும் நிறைந்திருந்தால் அவை ஆப்புப்போல் வேலை செய்கின்றன.

மூன்றாவது, நேரம். உச்சி வெயிலும் பெருமழையை அடுத்த நாட்களும் ஏடுகளுக்குக் கீழே தங்கத் தகாத காலங்கள்.

நான்காவது, ஒலி. தட்டுங்கள்; ஒரு கையைக் கல்லில் பதித்துக்கொண்டு தட்டுங்கள். காது ஏமாந்தாலும் கை ஏமாறாது. தொப்பென்று ஒலிக்கும் கல்லில் தொங்காதீர்கள். கயிற்றை அதில் கட்டாதீர்கள். அதன் நிழலில் இளைப்பாறாதீர்கள்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு. கணீரென்ற ஒலி உறுதிமொழி அன்று. ஒட்டு விட்ட கல்லை ஒலி காட்டிக் கொடுக்கும். உள்ளே தேங்கிய விசையைக் காட்டிக் கொடுக்காது. ஆகவே அறிந்தவன் அஞ்சுவதில் நாணம் இல்லை.

இறங்கும் வழியில்

உச்சிவரை தாத்தாவால் வர இயலவில்லை. நாங்கள் சீதை கோயில்வரை சென்று திரும்பும்வரை அவர் ஒரு கணீர்க் கல்லைத் தேர்ந்து அதன்மேல் அமர்ந்திருந்தார். திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வரும்போது சிரித்த தோழர், அவர் கேளாமலே கையைப் பிடித்துக்கொண்டார். வழியில் ஒவ்வொரு கல்லாகத் தடியால் தட்டிக் காட்ட, "இது?" "இது?" என்று அவர் கேட்க, தாத்தா விடை சொல்லிக்கொண்டே இறங்கினார். ஓரிடத்தில் தோழர் தாமே, "இது வேண்டாம் தாத்தா, சுத்திப் போகலாம்" என்றார். தாத்தா தலையை ஆட்டினார். எங்கள் பல்கலைக்கழகம் அளித்த எந்தச் சான்றிதழையும்விட அத்தலையசைப்பு பெரிது என்று அவர் பின்னர் என்னிடம் சொன்னார்.

நாங்கள் பார்த்த அந்தக் கூரைக் கல் அன்று விழவில்லை. இன்னும் நூறாண்டு விழாமலே நிற்கக்கூடும். அதனால் தாத்தா சொன்னது பொய்யாகிவிடாது. விழாத கல்லுக்கும் விலகி நடக்கக் கற்றவர்களே இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து வீடு திரும்பினார்கள்.

தோழர்களே, கல் என்ற சொல்லுக்குத் தமிழில் பாறை என்றும் பொருள். கற்றுக்கொள் என்றும் பொருள். தங்கவயலின் நிலத்தடியில் உழைத்த கடைசித் தலைமுறையினர் இன்று முதியோர். கல்லைக் கையால் கேட்கும் அவர்களுடைய அறிவு, நாம் படிக்கும் நூல்களில் முழுதும் ஏறவில்லை. வெடிப்புக்கு முன் கல் எழுப்பும் சிறு ஒலிகளுக்கும், பலவகைப் பாறைகளுக்கும், முட்டுக் கொடுக்கும் முறைகளுக்கும் அவர்கள் வழங்கிய தமிழ்ச் சொற்கள் எங்கும் எழுதப்படாமல் திண்ணைகளில் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் அத்தகைய ஒருவர் இருக்கலாம். சுரங்கத் தொழிலாளியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நெசவாளியோ, மீனவரோ, கல்தச்சரோ ஆகலாம். அடுத்த விடுமுறையில் அவரை அழைத்துக்கொண்டு அவர் அறிந்த இடத்துக்குச் செல்லுங்கள். கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் தாத்தாவின் சொற்களைக் குறிக்கத் தொடங்கிவிட்டேன். இதுவரை ஒரு குறிப்பேடு நிறைந்துள்ளது. அதன் முதற் பக்கத்தில், அந்த விளக்கை எடுக்கச் சென்றவரின் பெயரைத் தாத்தாவே தம் கையால் எழுதியிருக்கிறார்.